பதினோரு ஓகே

பிப்ரவரி 6, வியாழன் மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் சுகம். நீ சுகமா என்று இன்று காலை போனில் கேட்டேன். "ஓகே" என்றாய். அது ஒன்று.

எண்ணிக்கொண்டே இருந்தேன்டா. ஏழு நிமிஷம் பேசினோம், அதில் பதினோரு ஓகே. போனை எடுத்ததும் ஒன்று. சாப்பிட்டாயா என்றதற்கு ஒன்று. முதுகுவலி எப்படி இருக்கிறது என்றதற்கு ஒன்று, அது "அதைக் கேட்காதே" என்கிற ஓகே. மாமாவுக்கு பிரஷர் ஏறியிருக்கிறது என்றேன், அதற்கும் ஓகே. என்னடா ஓகே அதில்? அப்பாவின் சைக்கிளை அடுத்த தெரு கம்பவுண்டர் விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடட்டுமா என்றேன். அதைத் துடைக்கிற துணியை மாற்றினாலே ஊரைக் கூட்டுகிறவன் நீ. அதற்கும் ஒரு ஓகே! கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள், அப்புறம் வந்து குதிக்காதே.

நடுவில் இரண்டு எனக்கானதே இல்லை. உன் பக்கத்தில் அந்த வாக்கிடாக்கி கரகரத்தது. வயசான குரல் ஒன்று மழை, மண்ணு, வந்து பாருங்க என்று ஏதோ கேட்டது. நீ டீயை உறிஞ்சிக்கொண்டே "ஓகே ஓகே, மாட்டிடுங்க" என்றாய். யாரை மாட்டச் சொன்னாய், என்னையா?

சிரிக்காதே. நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அடுத்தவர் காது கேட்கிறதா என்று சோதிக்கிறவளுக்குத் தன் தம்பி தன் பேச்சைக் கேட்கவில்லை என்பது தெரியாதா? போன் என்றால் உனக்கு ஓகே வாயில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கடிதத்தில் அந்தப் பருப்பு வேகாது. ஒரு பக்கம் முழுக்க ஓகே என்று எழுத உனக்கே கை கூசும். அதனால் இனிமேல் கடிதம்தான். நீ போன் பண்ணினாலும் எடுக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

ஆறு மணித் தபாலில் இதைச் சேர்க்க ஓடுகிறேன். முதுகைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். முதலில் வேறு ஒரு சொல்லை எழுதி அடித்திருக்கிறேன், தெரிகிறதா? நீ சொன்னபடி இரண்டு தடவை போன் பண்ணியும் எடுக்கவில்லை. பிடிவாதத்தில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இந்த வெளிநாட்டு வேலையில் ஓகே எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று கேள். கட்டடத்தைச் சுற்றிக் குழாயும் பலகையும் வைத்துச் சாரம் கட்டுகிறார்களே, அது ஆளைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. தினமும் காலையில் சாரத்தின் கால், கிளாம்ப், பலகை, கைப்பிடி எல்லாம் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை அட்டையை மாட்டுவேன். அதில் கொட்டை எழுத்தில் ஓகே என்று அச்சடித்திருக்கும். கீழே தேதி, என் கையெழுத்து. அட்டை இல்லாத சாரத்தில் ஒரு ஆளும் ஏறக் கூடாது. மொத்தம் பன்னிரண்டு சாரம். காலை எட்டு மணிக்கே எல்லாரும் பிரஷ்ஷும் வாளியுமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் ஒரு மனுஷன்தானே, எத்தனை இடத்தில் நிற்பேன்?

இப்போது சில நாளாக வேலை நின்றிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத முடிகிறது. என் அறையில் இருந்த மேஸ்திரி, சாரம் கட்டுகிற ஆட்களுக்குத் தலைவர் என்று சொல்வேனே, அவரும் வேறு இடத்துக்குப் போய்விட்டார். கட்டில் காலியாக இருக்கிறது. துணி காயப்போட வசதி.

சைக்கிள் விஷயம் உன் இஷ்டம். மாமாவை உப்பைக் குறைக்கச் சொல்.

தம்பி


பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மாமாவுக்கு பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உப்பே இல்லாமல் சமைத்துப் போட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ஓகே"ங்கிறார். வீட்டுக்கு வீடு வாசற்படி.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். வேலை நின்றிருக்கிறது என்கிறாய், ஏன் என்று இல்லை. மேஸ்திரி போய்விட்டார் என்கிறாய், எங்கே என்று இல்லை. அவருடைய இருமல், அவருடைய ஜோக்கு, அவர் மனைவிக்கு அவர் பண்ணுகிற போன் எல்லாம் ஏழு மாதமாக உன் வாயால் கேட்டிருக்கிறேன். அந்த மனுஷர் போனதற்கு உனக்குத் துணி காயப்போட வசதியா? நீ அப்படிப்பட்டவன் இல்லையே.

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்துங்கள் என்போம். காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள் குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டே இருப்பார்கள். போன வாரம் வந்த பஸ் டிரைவர் ஒருத்தர் அப்படித்தான். காது போனால் வேலை போய்விடுமே என்கிற பயம். நான் நடுநடுவே சத்தமே போடாமல் சும்மா இருந்து பார்ப்பேன். அப்போதும் அழுத்தினால் கதை தெரிந்துவிடும். அவர் ஒன்பது தடவை அழுத்தினார், பாவம்.

இதோடு தனித்தாளில் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் பதில் எழுது. நேரத்துக்குத் தூங்கு.

உன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். முதுகு பரவாயில்லை. தனித்தாளில் நீ கேட்டிருந்த மூன்றும் ஓகேதான், கவலைப்பட ஒன்றும் இல்லை.

நீ பயப்படுவாய் என்றுதான் எழுதாமல் இருந்தேன். இங்கே ஒரு விபத்து. ஒரு சாரம் சாய்ந்து பெயிண்டர் ஒருத்தர் மூன்றாம் மாடி உயரத்திலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பும் காலும் முறிந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து இல்லை. முதல் நாள் பெய்த மழையில் மண் இளகி, சாரத்தின் ஒரு கால் உள்ளே இறங்கிவிட்டது. மேஸ்திரி அவசரப்பட்டுப் பச்சை அட்டையை மாட்டிவிட்டார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி, பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, வேறு இடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள்.

நாளை மறுநாள் விசாரணை. என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் வராது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நீ கண்டதையும் நினைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

தனித்தாள் என்று ஒன்றை நான் வைக்கவே இல்லையடா.

வைக்காத கேள்வி மூன்றுக்கும் ஓகே என்று பதில் வந்திருக்கிறது. உறைக்குள் தேடியாவது பார்த்தாயா? தாளைக் காணோமே அக்கா என்று ஒரு வரி எழுதினாயா? உன் பயம் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அந்தப் பெயிண்டர் இப்போது எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்? அவருக்குப் பிள்ளைகள் உண்டா? போய்ப் பார்த்தாயா?

நீ எழுதியதைத்தான் உன்னிடமே திருப்பிக் கேட்கிறேன். அட்டையில் உன் கையெழுத்து இருக்கும் என்றாய். நீதான் மாட்டுவாய் என்றாய். அப்படியானால் மேஸ்திரி கைக்கு அது எப்படிப் போனது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே, அக்காவிடம் செல்லாது. அவர் விழுந்தது என்றைக்கு? கிழமை, மணி எல்லாம் வேண்டும். விசாரணையில் நீ என்ன சொன்னாய்?

மாமா இதையெல்லாம் எழுதாதே, பாவம் பையன் என்கிறார். எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. அந்தத் தாள் விஷயம் நன்றாக இல்லை அக்கா. நான் உன்னிடம் வந்த நோயாளியா?

கேட்டாய், சொல்கிறேன். பன்னிரண்டு சாரத்தையும் காலையில் பார்த்து முடிக்கப் பத்தரை ஆகிவிடும். அதுவரை வேலை நின்றால் மேனேஜர் என்னைத்தான் கடித்துக் குதறுவார். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கட்டு அட்டையில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு மேஸ்திரியிடம் கொடுத்துவிடுவேன். அவர் முப்பது வருஷம் சாரம் கட்டியவர். காலையில் அவர் தேதி போட்டு மாட்டிவிடுவார், நான் பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொள்வேன். இங்கே எனக்கு முன்னால் இருந்தவர்களும் இப்படித்தான் செய்தார்கள். எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது.

விழுந்தது பிப்ரவரி ஆறு, வியாழன், காலை ஒன்பதேகால்.

விசாரணைக்கு முன்னால் மேனேஜர் கூப்பிட்டார். "கையெழுத்து உன்னோடது இல்லன்னு சொல்லிடு. கட்டு உன் டிராயர்ல இருந்து காணாமப் போச்சு, அவ்வளவுதான். இல்லேன்னா உன் கார்டும் போயிடும், கம்பெனி லைசென்ஸும் போயிடும். ஓகேவா?" என்றார். நான் ஓகே என்றேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன். நாலு வருஷம் பரிட்சை எழுதி வாங்கிய கார்டு அக்கா அது. இன்ஸ்பெக்டர் என்று சட்டையில் குத்திக்கொள்ள நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா?

மேஸ்திரி, என்னை வாக்கிடாக்கியில் கேட்டுவிட்டுத்தான் மாட்டினேன் என்கிறார். அதைப் பக்கத்தில் நின்று கேட்டதாகச் சொல்லும் ஒரே ஆள் அவருடைய மச்சான். யார் நம்புவார்கள்? மே 12 கடைசி விசாரணை. அவர் தப்பித்துக்கொள்ள என்னவோ சொல்கிறார். வயசானவர், மறதி.

போதுமா?

தம்பி


ஏப்ரல் 10

தம்பி,

பிப்ரவரி ஆறு, வியாழன், காலை ஒன்பதேகால். அதற்குச் சற்று முன்னால் நீ யாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய்?

என்னோடுடா.

மழை என்று ஒரு குரல் கேட்டது. மண்ணு என்று கேட்டது. வந்து பாருங்க என்று கேட்டது. அதற்கு நீ சொன்னது ஓகே ஓகே, மாட்டிடுங்க. அவர் மறதியில் சொல்லவில்லை. அவர் கேட்டார், நீ மாட்டச் சொன்னாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். விளையாட்டாக எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே உனக்குக் கேலியாக எழுதியும் அனுப்பினேன். என் முதல் கடிதத்தை எடுத்துப் பார், உறையில் தபால்காரன் குத்திய தேதி இருக்கும். நீ அதைப் படித்துவிட்டுத்தான் எனக்குச் சாரம் கட்டுவது பற்றிப் பாடம் எழுதினாயா?

நேற்று முழுக்க வேலையில் மனசு இல்லை. ஒரு அம்மாளுக்கு வலது காதுக்குப் பதில் இடது காதைக் குறித்துவிட்டுத் திரும்ப உட்கார வைத்தேன்.

அவர் ஜெயிலுக்குப் போவாரா? அதை மட்டும் நேராகச் சொல். அவர் மனைவிக்கு யார் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

மே பன்னிரண்டாம் தேதி அந்த அறையில் உண்மையைச் சொல். கார்டு போனால் போகட்டும். இங்கே உனக்கு ஒரு பாய் விரிக்க இடம் இல்லாமலா போய்விடும்?

அக்கா


ஏப்ரல் 19

ஜெயில்தான். இரண்டு வருஷம் வரைக்கும் என்கிறார்கள்.

நீ நீதி பேசுகிறாய். பேசு. நான் ஒன்று கேட்கிறேன், அதற்கும் பதில் எழுது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, என் கடைசிப் பரிட்சைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை போன் பண்ணி அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "ஓகேதான்டா, நீ படி." வெள்ளிக்கிழமை அப்பா போய்விட்டார். சனிக்கிழமை நான் பரிட்சை எழுதிவிட்டு வெளியே வந்த பிறகு சொன்னாய். நான் வந்து சேர்ந்தபோது வீட்டில் கழுவிவிட்ட தரைதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டேனா உன்னை?

உன் ஓகேயில் வாங்கியதுதான் இந்தக் கார்டு. இப்போது அதைத் தூக்கிப் போடு என்கிறாய். நன்றாக இருக்கிறது நியாயம்.

அந்த முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி எழுதாதே.


ஏப்ரல் 27

என் தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

ஆமாம், சொன்னேன். அன்று காலையிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு ஓகேதான்டா என்றேன். உன் நாலு வருஷம் வீணாகக் கூடாது என்று நினைத்தேன். உன்னைக் கேட்காமல் உனக்காக நானே முடிவு பண்ணினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, உன்னிடம் சொன்னதே இல்லை. அப்பா உன்னைக் கேட்டார்டா. இரண்டு தடவை கேட்டார். "சின்னவன் வந்துட்டானா?" என்று வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஒரு தடவை. வந்துகிட்டே இருக்கான்பா என்று அவரிடமும் பொய் சொன்னேன். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ என்னை ஒரு வார்த்தை கேட்காததால் நான் தப்பித்துவிட்டதாக நினைக்கிறாயா? தப்புதான்டா. பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

கடிதத்தைக் கிழித்தால் கிழித்துக்கொள். கேட்ட காது என்னிடம் இருக்கிறது. உன் உறையின் முதுகில் கம்பெனி விலாசமும் இருக்கிறது. மூன்று தடவை அவர்களுக்கு எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். உன் வாயால் சொல்ல வேண்டியதை மறுபடியும் நான் முந்திக்கொண்டு செய்யக் கூடாது என்று கிழித்தேன். பன்னிரண்டாம் தேதி வரைக்கும் அது உன் கையில். அதற்குப் பிறகும் அந்தப் பெரியவர் ஜெயிலுக்குப் போகிற மாதிரி இருந்தால் நான் எழுதுவேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்ய மாட்டேன், அதனால் இப்போதே சொல்கிறேன்.

சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை. அன்றைக்கே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். சாப்பிடு. பட்டினி கிடக்காதே.

அக்கா


மே 30

தம்பி,

பன்னிரண்டாம் தேதி போய்ப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. என் சபதத்தை நானே உடைத்துத் தினமும் போன் பண்ணுகிறேன். அணைத்து வைத்திருப்பதாகவே வருகிறது. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். "அவன் கோவத்துல இருக்கான், வரும்" என்கிறார் மாமா. அவருக்கும் ராத்திரியில் தூக்கம் இல்லை, எனக்குத் தெரியும்.

உன் கம்பெனிக்கான கடிதத்தை எழுதி, ஒட்டி, மேஜைமேல் வைத்திருக்கிறேன். சொன்ன தேதி தாண்டியும் தபாலில் போடவில்லை. ஏன் போடவில்லை என்றால், நீ என் தம்பி. காரணம் அவ்வளவுதான், வெட்கமாக இருக்கிறது. உன்னைக் கிழி கிழியென்று கிழித்தேன், என் முறை வந்தபோது நானும் கையைக் கட்டிக்கொண்டு அந்த உறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த மனுஷர் எங்கே இருக்கிறாரோ.

திங்கட்கிழமை காலைத் தபாலில் போட்டுவிடுவேன். நீ எப்படி இருக்கிறாய்? அதையாவது எழுது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் மே மாதக் கடிதம் ஊரெல்லாம் சுற்றி நேற்றுத்தான் கைக்கு வந்தது. நீ கம்பெனிக்குப் போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அதற்கு இனி வேலை இல்லை. போனை விசாரணைக்காக வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பெனி அறையையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பேனாவை எடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். உன்னைத் தவிக்கவிட்டது தப்புதான்.

உன் ஏப்ரல் கடைசிக் கடிதம் மே ஆறாம் தேதி வந்தது. அப்பா கேட்டார் என்கிற இடத்துக்கு மேல் அன்று படிக்க முடியவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உன்மேல் கோபம்தான் அக்கா. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

மறுநாள் பெயிண்டரைப் பார்க்கப் போனேன். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. கம்பெனி ஆள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, "எப்ப சார் நான் எழுந்து நடப்பேன்?" என்று கேட்டார். எல்லாம் ஓகே ஆயிடும் என்று வாய்வரைக்கும் வந்தது. "தெரியலைங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "எல்லாரும் ஓகே ஆயிடும்னுதான் சொல்றாங்க, நீங்க ஒருத்தர்தான் தெரியலைங்கறீங்க" என்றார். அப்புறம் நான் யார் என்று சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி விசாரணை அறை வாசலில் மேனேஜர் என் தோளில் கை போட்டார். "அன்னைக்குச் சொன்னதுதான். ஓகேவா?" என்றார். பதில் சொல்லாமல் உள்ளே போனேன்.

உன் முதல் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன், சைக்கிள் வரியைப் பார்த்ததும் முடியவில்லை. அதை உறையோடு அதிகாரி முன்னால் வைத்தேன். முதலில் தபால் முத்திரையைப் பார்த்தார். பிப்ரவரி ஆறு, மாலை. அப்புறம் நம் மொழி தெரிந்த ஒருத்தரை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மாமாவின் பிரஷர், என் முதுகுவலி எல்லாம் அந்த அறையில் ஒலித்தது. "யாரை மாட்டச் சொன்னாய், என்னையா" என்ற இடத்தில் படித்தவர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார், தோள் குலுங்கியது.

"அவர் சொன்னது உங்க காதுல சரியா விழுந்துச்சா?" என்று அதிகாரி கேட்டார். போனில் இருந்தேன், விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதை யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது, உன்னாலும் முடியாது. மேனேஜர்கூட இலேசாகத் தலையை ஆட்டிக் காட்டினார்.

விழுந்தது அக்கா. மழை என்றது விழுந்தது, மண்ணு என்றது விழுந்தது. எழுந்து போக இருநூறு அடி தூரம். டீ சூடாக இருந்தது, நீ சைக்கிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய், முதுகு வலித்தது. போகச் சோம்பல்பட்டேன். அதை அப்படியே சொன்னேன். கையெழுத்தும் என்னுடையதுதான் என்றேன், இல்லை என்று சொல்லச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன்.

கார்டை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். எனக்கு என்ன தண்டனை என்று அடுத்த மாதம் சொல்வார்கள். மேஸ்திரிக்குப் பாஸ்போர்ட்டும் வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டன. மேனேஜரைத் தனியாக விசாரிக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பெட்டியோடு கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்தேன், போக இடம் இல்லை. மேஸ்திரி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. "மூணு மாசமா என் பொண்டாட்டிகிட்ட போன்ல ஓகேதான் ஓகேதான்னு சொல்லிட்டே இருந்தேன்யா, உன்னால" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி, "ரூம்ல ஒரு கட்டில் சும்மாத்தான் கெடக்கு" என்றார். அங்கேதான் இருக்கிறேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதில்லை. ராத்திரி இருமுகிறார், நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்.

இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து போன் பண்ணுகிறேன். எடு. எப்படி இருக்கே என்று கேட்பாய். போனில் பழக்கதோஷத்தில் வாய் வேறு எதையாவது சொல்லிவிட்டாலும் நம்பாதே. பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் நன்றாக இல்லை அக்கா.

உன் தம்பி